பழைய இசைப்பெட்டியும் ஒரு புதிய பாடமும்

அகவை ஐம்பதைக் கடந்த பின்னர் புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்குவது எளிதன்று. முழங்கால் வலிக்கிறது, கண்ணாடியின்றிச் சிற்றெழுத்துத் தெரிவதில்லை, அவை எல்லாவற்றையும்விட, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல நா எழுவதில்லை. பங்குக் குரு என்றால் எல்லாம் அறிந்தவர் என்று ஊரார் எண்ணுகின்றனர். நாளடைவில் நாமும் அதனை நம்பிவிடுகிறோம். சென்ற ஆண்டு நாம் பழைய ஹை-ஃபை இசைக்கருவி ஒன்றை வாங்கி, அதைப் பாடவைக்க முயன்று, பல நாள் தோற்றுப்போனோம். அத்தோல்வியால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. நம் குடும்பங்களுக்கும் அது பயன்படக்கூடும் என்றெண்ணியே இங்கு எழுதுகிறோம்.

குருமடத்தில் பயின்ற நாள்களில், ஞாயிறு மாலைகளில் இசைத்தட்டு கேட்கும் வழக்கம் இருந்தது. வயது முதிர்ந்த குரு ஒருவர் தட்டை உறையிலிருந்து எடுப்பார். விரல் நடுவில் படாமல் ஓரத்தை மட்டும் பிடிப்பார். மெல்லிய துணியால் துடைத்து, ஊசியை மெதுவாக இறக்குவார். ஒரு பக்கம் முடிய இருபது நிமிடம் ஆகும். அதுவரை எவரும் வாய் திறக்கலாகாது. அன்று அது நமக்குத் தண்டனையாகவே தோன்றிற்று. பின்னர் கேசட் வந்தது. 1982இல் உலகச் சந்தைக்கு வந்த குறுந்தட்டு சில ஆண்டுகளில் நம் நாட்டையும் எட்டியது. இன்று உலகத்துப் பாடல்கள் யாவும் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. ஆயினும், குளிக்கும்போது பாதிப் பாட்டு, பயணத்தில் கால் பாட்டு என்று கேட்டதேயன்றி, ஒரு பாடலை உட்கார்ந்து முழுதாகக் கேட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன என்பதை நமது குருத்துவ வெள்ளி விழா நாளன்றுதான் உணர்ந்தோம். பாடகர் குழுவினர் நமக்காக ஒரு மாதம் பயின்று பாடினார்கள். நாமோ, பந்தி எப்போது தொடங்கும் என்ற கவலையில் ஒரு வரியையும் கேட்கவில்லை.

விழாவிற்கு உறவினர் அளித்த அன்பளிப்பில் ஒரு சிறு தொகை நம் கையில் இருந்தது. அச்சமயத்தில் சென்னை பெரம்பூரிலிருந்து நண்பரான குரு ஒருவர் செய்தி அனுப்பினார். இரயில்வேயில் பணியாற்றி மறைந்த ஒருவரின் துணைவியார், வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு வாழப் பெங்களூர் செல்கிறார். கணவரின் இசைக்கருவியைப் பழைய சாமான் கடைக்குப் போட மனம் வரவில்லை. எவரேனும் கேட்பதற்கென்றே வாங்கிக்கொள்வாரா என்று விசாரிக்கிறார் என்றார்.

உத்திரமேரூரை அடுத்த நம் கிராமத்திலிருந்து பெரம்பூர் போய் வருவதற்கு ஒரு முழுநாள் ஆகும். ஊர்க்காரர் ஒருவரின் காய்கறி வண்டியில் சென்றோம். அந்த அம்மையார் கருவியின்மேல் கிடந்த துணியை விலக்கிக் காட்டினார். இசைத்தட்டுச் சுழலும் பெட்டி ஒன்று, ஆம்ப்ளிஃபையர் ஒன்று, முழங்கால் உயர ஸ்பீக்கர் இரண்டு, ஏறத்தாழ அறுபது தட்டுகள். எல்லாம் 1980களில் நம் நாட்டிலேயே செய்யப்பட்டவை. அக்காலத்தில் வெளிநாட்டுப் பொருள்களை இறக்குமதி செய்யக் கடுங்கட்டுப்பாடு இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். பர்மா பஜாரில் கிடைத்தவற்றை வாங்க எல்லாராலும் இயலாது. கல்கத்தாவில் 1970இல் தொடங்கிய சோனோடைன் போன்ற நம் நாட்டு நிறுவனங்களே நடுத்தரக் குடும்பங்களுக்கு நல்லிசையை வழங்கின. தட்டுகளில் பல, 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையாகும் முன்னர் அங்குள்ள பழைய கடைகளில் தேடித் தேடி வாங்கியவையாம்.

“விலையை நீங்களே சொல்லுங்க சாமி. ஆனா இதை அலமாரியில அழகுக்கு வெச்சிடாதீங்க. அவர் பாட்டு கேட்கும்போது என்கிட்டகூடப் பேசமாட்டார். அவ்வளவு கவனமாக் கேட்பார்” என்றார் அம்மையார். எட்டாயிரம் ரூபாய் கொடுத்தோம். அதில் ஆயிரத்தை அவர் திருப்பித் தந்து, கணவருக்காகத் திருப்பலி நிறைவேற்றுமாறும், மீதியை ஊரிலுள்ள ஏழைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களுக்குச் செலவிடுமாறும் கூறினார்.

வீடு திரும்பியதும் நம் அறியாமை அரங்கேறியது. ஸ்பீக்கர் இரண்டையும் அலமாரியின்மேல் அருகருகே ஏற்றினோம். கம்பிகளைத் துளைகளில் செருகினோம். சிவப்பு, கறுப்பு என்ற வேறுபாடு அலங்காரத்திற்காக என்று எண்ணிக்கொண்டோம். தட்டுப் பெட்டியிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று தனியே தொங்கியது. தேவையற்றது போலும் என்று சுருட்டிக் கட்டிவிட்டோம். அந்த இரயில்வேக்காரர் பெரிதும் விரும்பிய தட்டு என்று அம்மையார் சுட்டிக்காட்டிய, காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாகசுரத் தட்டை வைத்தோம். 1964இல் மறைந்த அம்மேதையின் இசை எவ்வாறு வந்தது தெரியுமா? முதலில் வண்டு ரீங்கரிப்பது போன்ற ஓர் இரைச்சல். அதற்கடியில், தொலைவில் எங்கோ அழுவது போல நாகசுரம். ஊசி தாவித் தாவி ஓடியது. அதனை அடக்க, மேசையறையில் கிடந்த பழைய 25 காசு நாணயம் ஒன்றை ஊசித் தண்டின் தலையில் வைத்தோம். 2011இல் செல்லாததாகிவிட்ட காசு இங்கேனும் செல்லட்டும் என்று நினைத்தோம். தாவல் நின்றது, அழுகை நிற்கவில்லை.

நகரத்துப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டோம். கருவிக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலான தொகை கேட்டார். அப்போது நம் உபதேசியார் தயங்கித் தயங்கி, “நம்ம ஊர்லயே ஒரு கை தேர்ந்தவன் இருக்கானே சாமி” என்றார். யாரைச் சொல்கிறார் என்பது நமக்கு உடனே விளங்கிற்று. அதனாலேயே மூன்று வாரங்கள் அசையாமல் இருந்தோம்.

அவர் இருபத்துநான்கு அகவை இளைஞர். தொழிற்பயிற்சி முடித்தவர். ஊரின் நுழைவாயிலில் சிறு கடை வைத்துச் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறார். மின்விசிறி, மிக்சி முதலியவற்றைப் பழுதுபார்க்கிறார். முந்தைய ஆண்டுப் பாதுகாவலர் திருவிழாவிற்கு அவரே மைக் செட் கட்டினார். தேர்பவனி முடிந்து, நாடகம் தொடங்கி, இரவு பத்தும் கடந்துவிட்டது. குழாய் ஸ்பீக்கர்கள் முழங்கிக்கொண்டிருந்தன. கோவிலுக்கு எதிர் வீட்டில் நோயுற்றுக் கிடந்த முதியவரின் மகன் நம்மிடம் வந்து கைகூப்பி நின்றார். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அது நம்மை மேலும் சுட்டது. மேடையேறி மைக்கைப் பிடுங்கினோம். “பணத்துக்காக ஊரார் காதைக் கிழிக்கிறவனுக்குக் கோவிலில் இனி வேலை இல்லை” என்று, நானூறு பேர் கேட்க, அந்த இளைஞரின் பெயரைச் சொல்லித் திட்டினோம். அவர் ஒன்றும் சொல்லாமல் கம்பிகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு முதல் அவருடைய தாயார் மட்டும் தனியே பூசைக்கு வரலானார்.

சட்டம் நம் பக்கம் இருந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி இயக்கலாகாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. அதே ஆண்டில், சென்னையைச் சேர்ந்த ஒரு கிறித்தவ சபை தொடர்பான வழக்கில், பிறருடைய அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென எந்தச் சமயமும் கூறவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவற்றையெல்லாம் நாம் அறிவோம். ஆகவே நாம் செய்தது சரியே என்று ஓராண்டாக நமக்கு நாமே சொல்லிக்கொண்டிருந்தோம். சரியானவர் ஒருவர் ஏன் அந்தக் கடை வழியே போவதைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போக வேண்டும் என்று மட்டும் நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மாலை, துணிந்து அக்கடைக்குச் சென்றோம். அவர் எழுந்து நின்றார். முகத்தில் மலர்ச்சியும் இல்லை, கடுகடுப்பும் இல்லை.

“தம்பி, ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கினோம். நமக்கு அதன் தலையும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை.”

“என்ன பண்ணுது ஃபாதர்?”

“அழுகிறது.”

அவர் சிரிக்காமலிருக்க முயன்றது தெரிந்தது. “கடையை மூடிட்டு ஏழு மணிக்கு வரேன்” என்றார்.

சொன்னபடி வந்தார். கருவியைத் தொடுமுன், அதைப் பாடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு முதலில் 25 காசை எடுத்து நம் கையில் வைத்தார். “ஊசி ரெண்டு கிராம் பாரத்துல ஓடணும் ஃபாதர். இந்தக் காசே மூணு கிராம் இருக்கும். தட்டை உழுதுடும்” என்றார். ஊசித் தண்டின் பின்புறமுள்ள எடையைத் திருகிச் சமன்செய்தார். சுருட்டிக் கட்டியிருந்த மெல்லிய கம்பியை அவிழ்த்து, ஆம்ப்ளிஃபையரின் பின்னாலிருந்த சிறு திருகில் முடுக்கினார். வண்டின் ரீங்காரம் அக்கணமே அடங்கிற்று. அது எர்த் கம்பியாம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை அலைவது. அந்த அலைவே இரைச்சலாகக் கேட்டதாம்.

அடுத்து, ஆம்ப்ளிஃபையரில் நாம் செருகிய துளையே தவறு என்றார். இசைத்தட்டின் ஊசி தருகிற மின்னழுத்தம் மிகமிகச் சிறியது. கேசட் கருவி தருவதில் நூற்றில் ஒரு பங்கு எனலாம். அதற்கென ‘ஃபோனோ’ என்று தனித் துளை உண்டு. அங்குதான் அது பெருக்கப்படும். மேலும், தட்டு வெட்டும்போது கனத்த ஒலிகளைக் குறைத்தும் மெல்லிய கீச்சொலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். இல்லையேல் வரிகள் அகன்று தட்டில் இடம் போதாது. குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைத்து மீண்டும் சமமாக்குவதும் அந்தத் துளையின் வேலையே. 1954 முதல் இதற்குப் பொதுவான ஓர் அளவு ஏற்பட்டது. வேறு துளையில் செருகினால் இசை எலும்பும் தோலுமாய்த்தான் வரும்.

நாகசுரம் அழுததற்குக் காரணம், தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோனது. அதனை அறிய அவர் ஓர் எளிய வழி காட்டினார். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, மூன்று நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணினார். நிமிடத்திற்கு 33 1/3 சுற்று வீதம் மூன்று நிமிடத்தில் 100 சுற்று வரவேண்டும். வந்தது 94. வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும், மேதையும் அழுவார்.

பெல்ட்டுக்காகவும், ஒரு ஸ்பீக்கரின் விளிம்பில் பொடிந்துபோயிருந்த நுரை வளையத்திற்காகவும் அவர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வந்தார். புது ஊசியும் வாங்கி வந்தார். வேறெதில் சிக்கனம் செய்தாலும் ஊசியில் செய்யலாகாது என்றார். தேய்ந்த ஊசி ஒவ்வொரு முறையும் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுரண்டிவிடும். வால்யூம் திருகும்போது கேட்ட கரகரப்பை மருந்து பீய்ச்சித் துடைத்தார். வீங்கிப்போயிருந்த கண்டென்சர் இரண்டை மாற்றினார். மூன்று மாலைகள் நாம் அவருக்கு டார்ச் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மூன்று மாலைகளிலும் திருவிழாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

நான்காம் மாலை, ஸ்பீக்கர்களை அலமாரியிலிருந்து இறக்கி, இரண்டிற்கும் இடையே எட்டடி இடைவெளி விட்டு, நாற்காலியை இரண்டிலிருந்தும் அதே எட்டடியில் போட்டார். மூன்றும் முக்கோணமாய் நிற்க வேண்டுமாம். தட்டு பாடியது. வேகம் சரி, இரைச்சல் இல்லை. நமக்குப் பெருமகிழ்ச்சி. அவரோ தலையசைத்தார்.

“தவில் எங்க போச்சு ஃபாதர்?”

நாம் விழித்தோம்.

“நாகசுரம் ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல நிக்கணும். அறை முழுக்கச் சிதறிக் கிடக்கு. தவில்ல அடியே இல்லை. ஒரு ஸ்பீக்கர் தலைகீழா மாட்டியிருக்கு.”

டார்ச் விளக்கிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றி, ஸ்பீக்கரின் கம்பிகளில் ஒரு கணம் தொட்டுக் காட்டினார். ஒன்றில் ஸ்பீக்கரின் தாள் முன்னால் வந்தது. மற்றதில் பின்னால் போயிற்று. சிவப்பையும் கறுப்பையும் நாம் மாற்றிச் செருகியதன் விளைவு அது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஒன்று செய்வதை மற்றது அழிக்கிறது. கனத்த ஒலிகளில்தான் அந்த இழப்பு மிகுதி. இரண்டும் நல்ல ஸ்பீக்கர்கள். இரண்டும் முழுமூச்சாய் உழைக்கின்றன. ஆயினும் தவில் காணாமற்போகிறது. கம்பியை மாற்றினார். காருகுறிச்சியார் நம் எதிரே, கைக்கெட்டும் தொலைவில் வந்து நின்றார். தவிலின் அடி தரையிலிருந்து நம் பாதங்களில் ஏறிற்று.

தட்டின் பக்கம் முடியும்வரை இருவரும் பேசவில்லை. ஊசியை எடுத்துவிட்டு அவரே தொடங்கினார்.

“அன்னைக்கு நான் ரெண்டு தடவை சத்தத்தைக் குறைச்சேன் ஃபாதர். நாடகம் முடியுறவரைக்கும் நிறுத்தினா மீதிப் பணம் கிடையாதுன்னு விழாக் குழுவில சொன்னாங்க. ஒருத்தர் வந்து அவரே வால்யூமைத் திருப்பினார். உங்ககிட்ட வந்து சொல்லலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள நீங்க மைக்கைப் பிடிச்சிட்டீங்க.”

நமக்கு நெஞ்சு அடைத்தது. அவர் பேச்சில் குற்றச்சாட்டே இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. ஓராண்டுக் காலத்தில் ‘என்ன நடந்தது’ என்ற ஒரே ஒரு கேள்வியை நாம் அவரிடம் கேட்டிருக்கலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மணிக்கணக்காய் அமர்ந்து பிறர் சொல்வதைக் கேட்பதையே கடமையாய்க் கொண்ட நாம் கேட்கவில்லை.

“தவறு நம்முடையது தம்பி. மன்னித்துக்கொள்” என்றோம்.

அவர் பேட்டரியை டார்ச் விளக்கில் திரும்பப் போட்டு மூடினார். பிறகு மிக மெதுவாக, “மைக்கில திட்டினீங்க ஃபாதர். மன்னிப்பு மட்டும் அறைக்குள்ள கேட்கிறீங்க. எங்க அம்மா அன்னைக்கு முன்வரிசையில உட்கார்ந்திருந்தாங்க” என்றார். கூலியாகக் கேட்டது பொருள்களின் விலையும் இருநூறு ரூபாயும் மட்டும். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. முதலில் நமக்குச் சினமே எழுந்தது என்பதை மறைப்பானேன்? ஒரு குருவிடம் ஓர் இளைஞன் இவ்வாறு பேசுவதா என்று தோன்றிற்று. பங்குக் குருவின் சொல்லுக்கு மதிப்புக் குறைந்தால் நாளை எவர் கேட்பர் என்ற அச்சமும் வந்தது. பின்னர் நம் ஊரையே நினைத்தோம். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரிலுள்ள, முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகளை அறியாதவர் இல்லை. குடவோலை முறையில், ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுப்பான். அதனை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பின்னர் ஊரவை நடுவே அனைவரும் கேட்க உரக்க வாசிக்க வேண்டும். ஊரைப் பற்றியது ஊர் கேட்கவே நிகழ வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டிவைத்த மண்ணில் வாழ்ந்துகொண்டு, ஊர் கேட்க ஒருவரை இழிவுபடுத்திவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வருத்தம் தெரிவித்தோம். அந்தத் தம்பி கேட்டது நியாயமே.

அந்த ஞாயிறு, இறுதி ஆசீருக்கு முன் வழக்கமான அறிவிப்புகளை வாசித்த பின்னர், தாளை மடித்து வைத்தோம். சென்ற ஆண்டுத் திருவிழா இரவில் உண்மையை விசாரிக்காமல் ஒரு குடும்பத்தின் மகனை எல்லார் முன்பும் திட்டினோம் என்றும், அவர்மீது குற்றம் இல்லை என்றும், இதே மைக்கில் அவரிடமும் அவர் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம் என்றும் சொன்னோம். நான்கு வாக்கியங்கள்தாம். பல ஆயிரம் மறையுரைகள் ஆற்றிய நமக்கு அந்த நான்கிற்கும் நா வறண்டது. அந்த இளைஞர் கோவிலில் இல்லை. தாயார் மூன்றாம் வரிசையில் இருந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பூசை முடிந்து உடை மாற்றும் அறைக்கு விழாக் குழுப் பெரியவர் ஒருவர் வந்தார். “வால்யூமைத் திருப்பினது நான்தான் சாமி. நானும் அவன் கடைக்குப் போயிட்டு வரேன்” என்றார். நம்முடைய சொல்லுக்கு மதிப்புக் குறைந்ததாக இதுவரை தெரியவில்லை.

இவ்வாண்டுத் திருவிழாவிற்கு அவரே ஒலியமைத்தார். உயரத்தில் இரண்டு குழாய்களைக் கட்டி ஊருக்கே முழக்குவதற்குப் பதிலாக, மக்கள் அமர்ந்திருக்கும் இடத்தை நோக்கிச் சிறு பெட்டிகள் ஆறு வைத்தார். தொலைவு இரட்டித்தால் ஒலி வெகுவாய்த் தேய்ந்துவிடும். அதனை ஈடுசெய்யச் சத்தத்தைக் கூட்டப் போனால், காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு மின்திறன் வேண்டும். ஆகவே ஒலியைக் கேட்பவர் அருகே கொண்டுபோவதே அறிவு என்று விழாக் குழுவிற்கு விளக்கினார். நாடகம் ஒன்பது ஐம்பதுக்கு முடிந்தது. எதிர் வீட்டு முதியவர் நன்றாய் உறங்கினார் என்று மகன் மறுநாள் சொன்னார்.

இதுபோன்ற பழைய கருவிகள் நம் குடும்பங்கள் பலவற்றில் பரணில் கிடக்கும். எடைக்குப் போடுமுன் சற்று எண்ணுங்கள். பிறரிடம் வாங்குவோர், தமக்கு நன்கு பழகிய தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதனை அங்கேயே முழுதாகக் கேட்டுப் பாருங்கள். இரு ஸ்பீக்கரிலும் ஒலி வருகிறதா, விளிம்பு பொடிந்திருக்கிறதா, திருகும்போது கரகரக்கிறதா என்று பாருங்கள். ‘நூறு வாட்’, ‘இருநூறு வாட்’ என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டா. ஒரு சாதாரண அறைக்கு இருபது வாட் தாராளம். சுவர் வெறுமையாய், தரை வழவழப்பாய் இருந்தால் ஒலி எதிரொலித்துக் குழம்பும். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேச்சு விளங்காத ஒரு மண்டபத்தைச் சீராக்க முயன்ற சபின் என்ற அறிஞர், இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பிப் பரப்பி, எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்னும் துறை அவ்வாறே பிறந்தது. நாம் நம் அறையில் இரண்டு கோரைப்பாயும் ஒரு கம்பளமும் விரித்து, சன்னலுக்குக் கனத்த திரை போட்டோம்; போதுமானதாயிற்று. யாவற்றுக்கும் மேலாக, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் செருகுங்கள்.

பெங்களூர் சென்ற அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்து, நாகசுரத்தை அவருக்குக் கேட்கச் செய்தோம். வெகு நேரம் மௌனமாயிருந்தவர், “பல்லவி முடியுற இடத்துல ஒரு சின்னக் கீறல் சத்தம் இருக்குமே சாமி, இன்னும் இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றோம். “அது எங்க பெரியவ மூணு வயசுல போட்ட கீறல்” என்று சொல்லிச் சிரித்தார்.

இப்போது வியாழன் மாலைகளில் அந்த இளைஞரும் அவருடைய நண்பர்கள் இருவரும் நம் இல்லத்திற்கு வருகிறார்கள். பாயில் அமர்ந்து தட்டின் ஒரு பக்கத்தை, இருபது நிமிடம், பேசாமல் கேட்கிறோம். கைப்பேசிகள் வெளித்திண்ணையில் இருக்கும். அதன்பிறகே பேச்சு, அவர்களிடமிருந்து நாம் அறிந்துகொண்ட ஊர்ச் செய்திகள் பல. ஞாயிறு பூசைக்கு அந்தத் தம்பி எல்லா வாரமும் வருகிறார் என்று சொல்ல இயலாது. வரும் வாரங்களில் தாயாரின் அருகிலேயே அமர்கிறார். வராத வாரங்களில், ‘ஏன் வரவில்லை’ என்று கண்டிக்காமல், கடைக்குப் போய், ‘என்ன தம்பி, நலமா?’ என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். இப்போதெல்லாம் நாம் சுற்றுவழியில் போவதில்லை.